பரியாரியா, அப்போதிக்கரியா? 19ஆம் நூற்றாண்டு வைத்தியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மருத்துவ நூல்களைப் புரட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு என்று தெரிந்தவுடன், கல்யாணப் பந்தியிலோ துக்க வீட்டிலோ யாராவது ஒருவர் இவற்றில் ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது மேல். சென்னை மாகாணத்தையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்தே பேசுகிறேன். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அன்றைக்கு ஒரே நோய்கள், ஒரே கடைச் சரக்கு, சில சமயம் ஒரே டாக்டர்.

அந்தக் காலத்தில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ்ந்தார்களாமே?

அப்படி வாழ்ந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைத்தான் நமக்கு நினைவிருக்கிறது. தொட்டிலோடு போனவர்களை நினைத்துப் பார்க்க யாரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு என்று மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கணித்திருக்கிறார்கள். எல்லாரும் 25 வயதில் செத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஐந்து வயதைத் தாண்டாத பிள்ளைகள் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தார்கள்.

நம் குடும்பங்களிலேயே சாட்சி இருக்கிறது. பிச்சை, குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்களை யாரும் அழகுக்காக வைக்கவில்லை. முன்னால் பிறந்தவை தங்கவில்லை; இதுவாவது யமன் கண்ணுக்கு விலையில்லாத பொருளாகத் தெரியட்டும் என்று வைத்தார்கள். பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒருமுறை கிடத்தி எடுக்கும் வழக்கமும் இருந்தது. உங்கள் வம்சாவளியில் அப்படியொரு பெயர் இருந்தால், அதற்கு முன்னால் எத்தனை பெயரில்லாப் பிள்ளைகள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரிடம் போவார்கள்?

ஒருவரிடம் அல்ல, வரிசையாகப் பலரிடம். முதலில் அஞ்சறைப் பெட்டி. அதற்கு அடங்காவிட்டால் நாட்டு வைத்தியர், யாழ்ப்பாணத்தில் பரியாரியார். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பார். கட்டியைக் கீற, புண்ணைக் கழுவ நாவிதர். பிரசவத்துக்கு மருத்துவச்சி, பெரும்பாலும் அதே நாவிதர் குடும்பத்துப் பெண். எலும்பு முறிவுக்கும் விஷக்கடிக்கும் அதற்கென்றே பரம்பரைக் குடும்பங்கள். அம்மை வந்தால் வைத்தியரே வாசலோடு நின்றுவிடுவார். அது மாரியம்மன் விவகாரம்.

இவர்களோடு இன்னொருவர் வந்து சேர்ந்தார்: அப்போதிக்கரி. சென்னையில் 1835 பிப்ரவரி 2 அன்று மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, பெரிய டாக்டர்களை உருவாக்குவது அதன் நோக்கம் அல்ல. அப்போதிக்கரிகளும் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர்களும் தேவைப்பட்டார்கள். 1850இல்தான் அது கல்லூரியானது. ஆகவே நம் கொள்ளுத்தாத்தாக்கள் கண்ட ‘இங்கிலீஷ் வைத்தியம்’ தொப்பி போட்ட துரை அல்ல. தாலுகாத் தருமாஸ்பத்திரியில் போத்தலைக் குலுக்கி மருந்து ஊற்றிக் கொடுத்த அப்போதிக்கரிதான்.

நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா என்று கட்சி பிரித்துச் சண்டை போடுவது பிற்காலத்துப் பழக்கம். அன்றைய நோயாளி காலையில் கஷாயம் குடித்தார், மத்தியானம் ஆஸ்பத்திரிப் போத்தலை நீட்டினார், இரவில் விபூதி மந்திரித்துக்கொண்டார். எது கேட்டதோ அதற்குப் பொங்கல் வைத்தார்.

வீட்டிலேயே என்ன மருந்து வைத்திருந்தார்கள்?

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், கடுக்காய், விளக்கெண்ணெய். பெரியவர்கள் பாடு அத்தோடு முடிந்தது. குழந்தைக்குத்தான் தனிச் சடங்கு: உரை மருந்து.

தலைக்கு ஊற்றிய அன்று, குழந்தை இன்னும் ஈரத்தோடு பாட்டியின் நீட்டிய காலில் கிடக்கும்போதே உரைகல் வந்துவிடும். கல்லில் சில சொட்டுத் தாய்ப்பால். விளக்குச் சுடரில் கருகச் சுட்ட வசம்பு இரண்டு சுற்று, ஜாதிக்காய் ஒரு சுற்று, மாசிக்காய் இரண்டு, கடுக்காய் இரண்டு, சுக்கு ஒன்று. சுற்றுக்கணக்குதான் அளவு, தராசு கிடையாது. விரலால் வழித்துப் பாலாடையில் விட்டுப் புகட்டிவிட்டு, மிச்சத்தை உள்ளங்காலில் ஒரு தீற்று. வசம்பை விளக்கு வைத்த பிறகு பெயர் சொல்லிக் கேட்கக்கூடாது என்பதால் ‘பேர் சொல்லாதது’. பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் அது ‘பிள்ளை வளர்ப்பான்’.

இதை எழுதும்போதே எனக்கு வாசனை அடிக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். இரவெல்லாம் அழும் பிள்ளைக்குக் கடுகளவு அபின் வைப்பதும் நடந்தது. பிள்ளை தூங்கியது, சில பிள்ளைகள் விழிக்கவே இல்லை. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வீடுகளில், அபினை வெல்லப்பாகில் கரைத்த ‘காட்ஃப்ரே கார்டியல்’ என்ற மருந்தைக் கடையில் வாங்கிப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தாய்மார் வேலைக்குப் போனார்கள்.

இங்கிலீஷ் டாக்டரின் மருந்து அப்போதே மேலானதாக இருந்ததா?

1860 வரைக்கும், அம்மைத் தடுப்புக்கான அம்மைப்பால், மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா, அறுவைக் கத்தி இந்த மூன்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், இல்லை என்றுதான் சொல்லுவேன்.

அந்த டாக்டரின் பிரம்மாஸ்திரம் ‘கலோமல்’. காய்ச்சலா, கல்லீரல் வீக்கமா, வாந்திபேதியா, எதற்கும் கலோமல். வெப்ப நாடுகளில் ஒரே வேளைக்கு 20 கிரெயின், அதாவது ஒரு கிராமுக்கும் மேல் கொடுத்தார்கள். நோயாளியின் ஈறு வீங்கி, எச்சில் வழிந்தால் மருந்து ‘பிடித்துவிட்டது’ என்று மகிழ்ந்தார்கள். அந்தக் கலோமல் என்ன பொருள் தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்த பூரம். கற்பூரம் வேறு, இது வேறு. இது பாதரசத்தின் உப்பு. சித்த வைத்தியரும் அதே பூரத்தைச் சுத்தி செய்து மேக நோய்க்கு, அதாவது பால்வினை நோய்க்கு, கொடுத்தார். அவருடைய நோயாளிக்கும் வாய் வெந்தது. அதற்கு ‘வாய் வேக்காடு’ என்று பெயரும், ஆற்றுவதற்குக் கொப்பளிக்கும் கஷாயமும் அவரிடம் தனியாக இருந்தன.

ஒருவர் லண்டனிலிருந்து கப்பலில் வந்த சீசாவிலிருந்து எடுத்தார், இன்னொருவர் கடைத்தெருவில் பொட்டலம் கட்டி வாங்கினார். நோயாளியின் பல் ஆடியது இரண்டு பேரிடமும் ஒன்றுதான். ‘ரசாயனம் கலக்காத நாட்டு வைத்தியம்’ என்று யாராவது சொன்னால் பூரம், வீரம், லிங்கம் மூன்றும் என்ன என்று மெதுவாகக் கேளுங்கள். ‘அறிவியல் முறையான ஆங்கில மருத்துவம்’ என்று யாராவது சொன்னால் கலோமல் என்ன என்று கேளுங்கள்.

பாஷாணத்தையும் மருந்தாகக் கொடுத்தார்களா?

கொடுத்தார்கள், இரு தரப்பும். பாம்புக்கடிக்குத் ‘தஞ்சாவூர் மாத்திரை’ என்று ஒன்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெயர் பெற்றிருந்தது. வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்செனிக், அதன் முக்கியச் சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரான பாட்ரிக் ரஸல் பாம்புகளைப் பற்றி 1796இல் வெளியிட்ட பெரிய நூலில் இதையும் ஆராய்ந்தார். கடித்த பாம்புகளில் பாதிக்குமேல் விஷமில்லாதவை என்பதால் மாத்திரைக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். உண்மையான மாற்று மருந்தைப் பிரான்ஸின் கால்மெட் செய்து காட்ட 1895 ஆகிவிட்டது. இதற்கிடையில் இங்கிலாந்தில் பாஷாணத்தை நீரில் கரைத்த ‘ஃபௌலர் கரைசல்’ 1786இலிருந்தே டாக்டர்களின் செல்ல மருந்தாக இருந்தது.

கெட்ட ரத்தத்தை உறிஞ்ச உடம்பில் அட்டை விடுவது உண்மையா?

உண்மை. இதுவும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. பிரான்ஸ் 1833இல் மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. நம் ஊரில் குளத்து அட்டையைப் பிடித்து மண் கலயத்தில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். கடிக்க மறுத்தால் வீங்கிய இடத்தில் ஒரு சொட்டுப் பால் தடவுவது, குடித்து முடித்தபின் மஞ்சள் தூளை அதன் வாயில் வைத்துக் குடித்ததைக் கக்க வைப்பது, மறுபடி கலயத்தில் விடுவது என்று எல்லாம் முறைப்படி நடக்கும். கக்க வைக்காவிட்டால் அட்டை செத்துவிடும்.

வெள்ளைக்கார டாக்டர்கள் நம் வைத்தியர்களிடம் கற்றுக்கொண்டார்களா?

நிறைய. சீமையிலிருந்து வரும் மருந்து மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து வீரியம் இழந்துவிடும், விலையும் அதிகம். கடைத்தெருவில் கிடைப்பதைத் தெரிந்துகொள்வது அவர்களுக்கே லாபம். சென்னை ராணுவ டாக்டர் ஒயிட்லா எய்ன்ஸ்லி 1813இல் சென்னையிலேயே அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு வரிசைப்படுத்தி, தமிழ் வைத்தியர்கள் அதை எதற்குக் கொடுக்கிறார்கள் என்றும் எழுதினார். 1868இல் வந்த இந்திய மருந்துத் தொகுப்பில் வேம்பும் நிலவேம்பும் வல்லாரையும் இடம் பெற்றன. மறு ஆண்டே அதற்குத் துணைநூல் எழுதி, ஒவ்வொரு சரக்குக்கும் பல மொழிப் பெயர்களைச் சேர்த்துக் குழப்பம் தீர்த்தவர் சென்னையைச் சேர்ந்த மொகிதீன் ஷெரீப். திருவல்லிக்கேணி மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இந்த வேலையைச் செய்த இவரை நாம் அறவே மறந்துவிட்டோம்.

அம்மை குத்துவதை மக்கள் எதிர்த்தது மூடநம்பிக்கையால்தானே?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட வேண்டாம். பெரியம்மைச் சீழை எடுத்து நல்ல உடம்பில் கீறி வைக்கும் பழைய முறை இந்தியாவில் பல இடங்களில் முன்பே இருந்தது. அது காக்கும், சில சமயம் கொல்லவும் செய்யும். ஜென்னர் 1796இல் பசுவம்மையைக் கொண்டு அதைவிடப் பாதுகாப்பான வழி கண்டார். அந்த அம்மைப்பால் பாக்தாத், பஸ்ரா வழியாகப் பம்பாய் வந்து, 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் பிடித்தது. இந்தியாவுக்குள் பரவிய அம்மைப்பால் அந்தக் கையிலிருந்து கிளம்பியதுதான். அதே ஆண்டில் சென்னைக்கும் வந்தது.

எப்படி வந்தது என்பதில்தான் சங்கடம். ஐஸ் பெட்டி கிடையாது. ஒரு குழந்தைக்குக் குத்தி, எட்டாம் நாள் எழும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். ஆக, அம்மைப்பால் குழந்தைகளின் கைகள் வழியாகவே ஊர் ஊராக நடந்தது. யார் வீட்டுப் பிள்ளையின் உடம்பு நீரை யார் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்றுவது என்று சாதி பார்க்கும் சமூகத்தில் கேட்காமல் இருப்பார்களா? வேறு நோயும் கூடவே வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. அது வெறும் பிரமை அல்ல. மேலும் அம்மை என்பது நோய் மட்டும் இல்லை, தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்தவளைக் கத்தியால் கீறி விரட்டுவதா?

இதைப் புரிந்துகொண்ட ஓர் அதிகாரி இருந்தார். திருவள்ளுவர் உருவம் பொறித்த காசோடு நாம் நினைவு வைத்திருக்கும் எல்லிஸ்தான் அவர். பசுவம்மையைப் பசு தரும் இன்னொரு கொடையாகச் சொல்லும் புராணம் போன்ற கதை ஒன்றை அவர் எழுதினார். நோக்கம் நல்லது, வழி கொஞ்சம் குறும்பு. கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவிய பிறகுதான் சங்கடம் குறைந்தது. கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899இல் உருவானது முதன்மையாக அந்த அம்மைப்பாலுக்காகத்தான்.

வாந்திபேதிக்கு, அதாவது காலராவுக்கு, என்ன செய்தார்கள்?

எல்லாம் செய்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. 1817இல் வங்காளத்தின் ஜெசோர் பக்கம் கிளம்பியது, அடுத்த ஆண்டே சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. யாத்திரைக் கூட்டத்தோடு நடந்தது, பட்டாளத்தோடு நடந்தது, பின்னால் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே போனபோது அவர்களோடும் நடந்தது. காலையில் ஏர் பூட்டியவர் மாலையில் இல்லை என்ற வேகம்.

டாக்டர்கள் கலோமலும் அபினும் பிராந்தியும் கொடுத்தார்கள். உடம்பில் ரத்தம் கெட்டியாகி ஓடாமல் நிற்கும்போது நரம்பைக் கீறி அதையும் வெளியே எடுத்தார்கள். தாகத்தில் கதறுபவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று தடுத்தவர்களும் உண்டு. 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் உப்பு நீரை நரம்பில் ஏற்றிச் சாகக் கிடந்தவர்களை எழுந்து உட்கார வைத்தார். மருத்துவ உலகம் அதைப் பார்த்துவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் மறந்துவிட்டது. சொல்பேச்சு கேட்காமல் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்த ஏதோ ஒரு கிழவி, படித்த டாக்டரைவிட அதிக உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

அபினும் கஞ்சாவும் குளோரோஃபாமும் சேர்ந்த ‘குளோரோடைன்’ என்ற மருந்தும் இந்த நோயின் பிள்ளைதான். இந்தியப் பட்டாளத்தில் இருந்த காலிஸ் பிரவுன் என்ற டாக்டர் வாந்திபேதிக்காக அதைச் செய்தார். நோய் போனதோ இல்லையோ, வலி தெரியாமல் போனது.

தண்ணீர்தான் காரணம் என்று லண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் காட்டினார். கிருமியைக் கல்கத்தாக் குளத்துத் தண்ணீரில் ராபர்ட் கோக் 1884இல் பிடித்தார்.

கொயினா எப்போது வந்தது?

மருந்து முன்பே தெரியும். மலிவாகக் கிடைக்காததுதான் குறை. தென்னமெரிக்கக் காட்டு மரத்தின் பட்டை அது. 1860இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் கன்றுகளையும் விதைகளையும் கொண்டு வந்து நீலகிரியில் ஊன்றினார். நடுவட்டம் தோட்டத்தில் மரம் வளர்க்கச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து சிறை கட்டி வைத்தார்கள். உதகையிலிருந்து கூடலூர் போகிறவர்கள் வழியில் பார்க்கலாம். 1892இலிருந்து வங்காளத்தில் தபால் நிலையங்களிலேயே காலணாவுக்கு ஒரு பொட்டலம் விற்றார்கள். மற்ற மாகாணங்களும் பின்பற்றின. முறைக்காய்ச்சலுக்கு நிலவேம்பு காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த ஊருக்கு, அதைவிடக் கசப்பான ஒரு தூள் வந்து உண்மையிலேயே காய்ச்சலை நிறுத்தியது. கசந்தால்தான் மருந்து என்ற நம் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல விளம்பரம் அமையாது. கொசுதான் காரணம் என்பது, சென்னை மருத்துவப் பணியில் இருந்த ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட்டில் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது.

மயக்க மருந்து இல்லாமல் அறுத்தார்களா?

ஆமாம். நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நல்ல அறுவைக்காரர் என்றால் சீக்கிரம் முடிப்பவர் என்று அர்த்தம். ஈதர் 1846இல் பாஸ்டனில், குளோரோஃபாம் மறு ஆண்டு எடின்பரோவில். அதன் பிறகும் புண் சீழ் வைத்துச் சாவது குறையவில்லை. 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் கழுவச் சொன்ன பின்தான் அதற்கு வழி பிறந்தது.

கண்புரைக்கு மட்டும் இங்கே பழைய கைத்திறன் இருந்தது. ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். அப்போதைக்குப் பார்வை வரும், பிறகு பலருக்குக் கண் போகும். சென்னையில் கண் ஆஸ்பத்திரி 1819இலேயே தொடங்கியது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் படத்தை வரையச் சொல்லி, என்ன செய்தோம், எப்படித் தேறினார் என்று குறிப்பு எழுதி வைத்தார். அந்தத் தாள்கள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே டாக்டருக்குப் படித்தார்களாமே?

இதைக் கேட்பவர்களுக்கு நான் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பதில் சொல்வேன்.

அமெரிக்க மிஷனின் முதல் டாக்டர் ஜான் ஸ்கடர் 1820இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். 1836இல் சென்னைக்குப் போய்விட்டார். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா அவருடைய பேத்திதான். ஸ்கடர் போன பிறகு 1847இல் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர்காரர், வந்தபோது வயது ஏறத்தாழ 25. மானிப்பாயில் மருந்தகம் வைத்துக்கொண்டு மாணவர்களைச் சேர்த்துக் கற்பித்தார், முதலில் ஆங்கிலத்தில்.

அதில் ஒரு சிக்கலைக் கண்டார். ஆங்கிலத்தில் படித்தவன் தேறியவுடன் சம்பள உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான்; மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் வைத்தியர் கிடைப்பதில்லை. 1864 முதல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் சட்டையும் சப்பாத்துமாக மாறுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வேட்டியோடு கிராமத்தில் இருக்கும் வைத்தியர்தான் அவருக்கு வேண்டும். 60க்கும் மேற்பட்டவர்களைப் பயிற்றினார்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் படித்தவர்கள்.

படிக்கப் புத்தகம் வேண்டுமே? அதுதான் அவருடைய பெரிய வேலை. 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் அறுவை மருத்துவம் பற்றிய இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம். இவற்றில் அங்காதிபாதம் என்பது லண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. இன்று ஒரு மருத்துவ நூல் அந்த வேகத்தில் தமிழுக்கு வருகிறதா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

டான்வர்த், சப்மன் போன்ற மாணவர்கள் மொழிபெயர்ப்பில் கைகொடுத்தார்கள். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மிஷன் பள்ளியில் படிப்புச் செலவு கொடுத்த அமெரிக்கர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுவது வழக்கம். கிறீன் 1873இல் ஊர் திரும்பிய பிறகும் வூஸ்டரில் உட்கார்ந்து தமிழ்ப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார், அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

மதம் பரப்பத்தானே வந்தார் என்று கேட்பவர்களும் உண்டு. ஆமாம், அதற்காகத்தான் வந்தார், அதை ஒருநாளும் மறைக்கவில்லை. அதற்காக அங்காதிபாதத்தின் எலும்புகள் கிறிஸ்தவ எலும்புகளாகிவிடவில்லை.

அந்தச் சொற்கள் ஏன் நிலைக்கவில்லை?

அங்காதிபாதம் உடற்கூறு, சுகரணம் உடலியக்கம், உற்பாலனம் சுகாதாரம், கெமிஸ்தம் வேதியியல். சொல் ஆக்குவதற்குக் கிறீன் ஒரு வரிசை வைத்திருந்தார்: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்றபடி எழுது. முறை நல்ல முறைதான். ஆனால் சொல் வாழ வேண்டுமென்றால் அதைத் தினமும் சொல்கிற வகுப்பறை வேண்டும். கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகம் அங்கே இருந்தது. கிறீனுக்குப் பின் மானிப்பாயில் அந்தப் பிடிவாதத்தைத் தொடர ஆள் இல்லை. சுகரணம் என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறது.

பெண்களை யார் பார்த்தார்கள்?

மருத்துவச்சி. அவள் கைக்கு மீறினால், பெரும்பாலும் யாரும் இல்லை. ஆண் டாக்டர் திரைக்கு அப்பால் நின்று, நீட்டிய கையின் நாடியை மட்டும் பார்ப்பார். சில வீடுகளில் அதுவும் கிடையாது. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844இல் தொடங்கியும் வசதியான குடும்பத்துப் பெண்கள் அங்கே போவதை இழிவாகக் கருதினார்கள்.

1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்தவரின் மனைவி. கணவரின் வழக்குக் கட்டுகளுக்கு உதவப் போய், பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கேட்டுக் கேட்டு டாக்டராக முடிவு செய்தவர். லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, 1885இல் பர்தா அணியும் பெண்களும் உயர்சாதிப் பெண்களும் வருவதற்கென்று ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இப்போது அதற்குக் கஸ்தூர்பா காந்தி பெயர். ஆட்டோவில் ஏறிக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்லுங்கள், நேராகக் கொண்டுபோய் விடுவார்கள். யாழ்ப்பாணத்தில் இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரி 1898இல் பெண்களுக்காகத் திறந்தது.

வைத்தியருக்குக் கட்டணம் எவ்வளவு?

நெல், தேங்காய், வேட்டி, குணமானால் ஒரு விருந்து. குணமாகாவிட்டால் பழி. தருமாஸ்பத்திரியில் காசு இல்லை. போத்தல் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். வேளைக்கு இவ்வளவு என்று தெரிவதற்காக ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் போத்தலில் ஒட்டிக் கொடுப்பார்கள். என் சிறுவயதில்கூட எங்கள் ஊர்க் கம்பவுண்டர் அப்படித்தான் ஒட்டினார். ‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்ற பழமொழி, எப்போதுமே அந்தக் கட்டணம் கொஞ்சம் அதிகமாகத்தான் தோன்றியது என்பதைக் காட்டுகிறது.

பழைய ஏட்டில் உள்ள மருந்தை இப்போது செய்து சாப்பிடலாமா?

சுக்குக் கஷாயமா, தாராளமாக. பாதரசமும் பாஷாணமும் வரும் எதுவாக இருந்தாலும் வேண்டாம். ஏட்டில் சுத்தி முறை பாதிதான் எழுதியிருக்கும். மீதி குருவின் வாயில் இருந்தது, அவரோடு போய்விட்டது. குழந்தைக்கு உரை மருந்து கொடுப்பதானாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் வைத்திய ஏடு ஒன்று இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், அதைத் துடைக்காதீர்கள். எண்ணெய் போட்டுப் பளபளப்பாக்கலாம் என்று யாராவது சொன்னாலும் நீங்களாகச் செய்யாதீர்கள். கட்டிய கயிற்றை அவிழ்த்து வரிசையைக் கலைக்கவும் வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சாவூரில் சரசுவதி மகால் இரண்டிலும் பார்த்துச் சொல்வார்கள். இலங்கையில் இருப்பவர்கள் நூலகம் நிறுவனத்தை அணுகினால் மின்படி எடுத்து வைக்கும் வழி சொல்வார்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் படம் எடுக்கவாவது அனுமதியுங்கள்.

நீங்களே வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு சிறு உதவி: பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொல் பிரிவும் இருக்காது, எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். ‘க’ என்று தனியாக நின்றால் அது எழுத்தாகவும் இருக்கலாம், ஒன்று என்ற எண்ணாகவும் இருக்கலாம். ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம், ஒரு வராகனெடை நாலு கிராமுக்குச் சற்று மேல். கடைசி ஓலையை முதலில் பாருங்கள். எழுதியவர் பெயரும் ஆண்டும் மாதமும் அங்கேதான் இருக்கும், அதோடு சிலவற்றில் ‘பிழை பொறுத்தருள்க’ என்று ஒரு வரியும்.